வோர்ஸ்லி போட்ட கணக்கு

தெற்கே 68 பாகை 39 நிமிடம் 30 விநாடி. மேற்கே 52 பாகை 26 நிமிடம் 30 விநாடி. 1915 நவம்பரில், அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த ஃபிராங்க் வோர்ஸ்லி தன் பதிவேட்டில் எழுதிய எண்கள் இவை. நியூசிலாந்தின் அகரோவாவில் பிறந்த அவர், எண்டூரன்ஸ் என்ற கப்பலின் தலைவர். கப்பல் மூழ்கிய இடத்தைத்தான் அந்த எண்கள் குறித்தன. யாராவது பின்னால் வந்து தேடுவார்கள் என்று நினைத்து அவர் அதைக் குறித்திருக்க முடியாது. கண்ணெதிரே மூழ்கிய கப்பலின் இடத்தை எழுதாமல் விடுவது ஒரு மாலுமியால் ஆகிற காரியமில்லை, அவ்வளவுதான்.

106 ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 5 அன்று, ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் ஒன்று 3,008 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பலைக் கண்டது. வோர்ஸ்லி குறித்த புள்ளியிலிருந்து நான்கைந்து மைல் தெற்கே, கடல்தரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது எண்டூரன்ஸ்.

ஆழ்கடலில் ஒரு கப்பலைக் கண்டுபிடித்தார்கள் என்றதும் பேச்சு எந்திரங்களைப் பற்றியே போய்விடுகிறது. எந்திரம் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது, உண்மை. ஆனால் எந்திரத்தை எங்கே இறக்குவது என்று சொன்னது பேனாவும் பஞ்சாங்கமும் வைத்துப் போட்ட ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள், அதில் எங்கே பிசகு வந்திருக்கலாம், பிசகியும் அது எப்படிச் சரியாக இருந்தது என்பதுதான் இந்தக் கண்டுபிடிப்பில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி.

முதலில் கப்பல். நார்வேயின் சாண்டெஃப்யோர்டில் கட்டி, 1912 டிசம்பரில் நீரில் இறக்கினார்கள். அப்போது அதன் பெயர் போலாரிஸ். துருவப் பகுதிக்குப் பயணிகளை அழைத்துப் போகும் திட்டத்துக்காகக் கட்டிய கப்பல் அது. அந்தத் திட்டம் நடக்காமல் போகவே துருவப் பயணி எர்னஸ்ட் ஷேக்கல்டன் வாங்கி, தன் குடும்பத்தின் பொன்மொழியிலிருந்து எண்டூரன்ஸ் என்று பெயரிட்டார். மூன்று பாய்மரம், நீராவி எந்திரம், 44 மீட்டர் நீளம். அண்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே கடப்பது ஷேக்கல்டனின் நோக்கம். 28 பேரோடு 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து புறப்பட்ட கப்பல், அடுத்த மாதமே, கரைக்கு ஒரு நாள் தொலைவு இருக்கையில் பனியில் மாட்டிக்கொண்டது. அதன்பிறகு அது கப்பலாக ஓடவே இல்லை. பனியோடு சேர்ந்து நகர்ந்தது.

வெட்டல் கடலின் நீர் வலஞ்சுழியாகச் சுற்றும் பெரும் சுழல். கிழக்கே நுழைந்த பனி தெற்குக் கரையை ஒட்டிப் போய், மேற்கே அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் முட்டி, வடக்கே திரும்பும். திரும்புமிடத்தில் பனி நெரிபடுகிறது. பின்னால் வருகிற பனி தள்ள, முன்னால் நிலம் தடுக்க, பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுவராக எழும்பும். தெற்கே ஏறத்தாழ 77 பாகை வரை போன எண்டூரன்ஸ், பத்து மாதம் இந்தச் சுழலோடு சுற்றி வந்து அந்த நெரிசலில் அகப்பட்டது. 1915 அக்டோபர் 27 அன்று ஷேக்கல்டன் கப்பலைக் கைவிடச் சொன்னார். நவம்பர் 21 மாலை வரை பனி அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. அன்று பிடி விட்டது.

இனி வோர்ஸ்லியின் வேலைக்கு வருவோம். நிலமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்சரேகை எளிது. நவம்பர் 22 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் நேர் உச்சியில் நிற்கும். அந்தத் தேதிக்கான எண் மாலுமிப் பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு பாகை தெற்கே போகப்போக, நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஒவ்வொரு பாகை வடக்கே சரியும். வோர்ஸ்லி இருந்த இடத்தில் அன்றைய நண்பகல் சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 41½ பாகையில் நின்றிருக்கும். அதாவது உச்சியிலிருந்து 48½ பாகை சரிவு. இருபதையும் நாற்பத்தெட்டரையையும் கூட்டினால் 68½. அட்சரேகை கிடைத்துவிட்டது. மீதி வேலை அரைப் பாகையைக் கோண நிமிடங்களாகப் பிரித்து நுணுக்குவது. ஒரு கோண நிமிடம் பாகையின் அறுபதில் ஒரு பங்கு. கடலில் அது 1,852 மீட்டர். கருவியைப் பிடித்த கை அந்த அளவு பிசகினால் கப்பலின் இடம் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

கையைவிடப் பெரிய எதிரி காற்று. சூரியனின் உயரத்தைத் தொடுவானத்திலிருந்து அளக்க வேண்டும். பனிக்கடலில் தொடுவானம் நேர்கோடாக இருக்காது; நெரிந்து எழுந்த பனிமேடுகள் பல்வரிசையாகத் தெரியும். அதற்கும் மேலாக, பனியை ஒட்டிய காற்று கடுங்குளிராகவும் மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாகவும் இருப்பதால் ஒளி வளைந்து வருகிறது. அந்த வளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அவர்கள் பயணத்திலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. 1915 மே முதல் நாளோடு சூரியன் குளிர்காலத்துக்கு மறைந்துவிட்டது என்று எல்லோரும் விடைகொடுத்து முடித்திருந்தார்கள். மே 8 அன்று அது மீண்டும் தலைகாட்டியது. எழுந்து, மறைந்து, மறுபடி எழுந்து, மறுபடி மறைந்து, மூன்றாம் முறையும் எழுந்து மெல்ல அடங்கியது. உண்மையில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழேதான் இருந்தது. காற்று அதன் பிம்பத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. அன்று அளந்த ஒளிவிலகல் 2 பாகை 37 நிமிடம். தொடுவானத்தில் வழக்கமாக அது அரைப் பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒரு கோண நிமிடமே 1,852 மீட்டர் என்ற கணக்கில், இரண்டு பாகை ஏமாற்றுகிற வானத்தின் கீழ் அவர் வேலை செய்தார். நல்லவேளை, சூரியன் 41 பாகை உயரத்தில் நிற்கும்போது இந்தத் தொல்லை மிகவும் குறைவு. ஆனால் தொடுவானம் மட்டும் அப்போதும் தூக்கிக் காட்டப்படலாம்.

தீர்க்கரேகையில்தான் உண்மையான சிக்கல். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நேரம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. இங்கே நண்பகலாக இருக்கும்போது கிரீனிச்சில் என்ன மணி என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகை. கிரீனிச் நேரத்தைச் சுமந்து வருவது குரோனோமீட்டர் என்ற நுட்பமான கடிகாரம். அது ஒரு நிமிடம் பிசகினால் நிலநடுக்கோட்டில் இடம் 28 கிலோமீட்டர் மாறும். தெற்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவருவதால், வோர்ஸ்லி இருந்த அட்சரேகையில் அந்தப் பிழை 10 கிலோமீட்டராகச் சுருங்கும்.

எந்தக் குரோனோமீட்டரும் சரியாக ஓடாது. சில விநாடி முந்தும், சில விநாடி பிந்தும். எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். அது தெரிய, தீர்க்கரேகை உறுதியாகத் தெரிந்த துறைமுகம் ஒன்றில் சோதிக்க வேண்டும், அல்லது வானொலியில் நேரக் குறிப்பு கேட்க வேண்டும். எண்டூரன்ஸில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து ஏதாவது வருமா என்று கம்பியைக் கட்டிக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. துறைமுகமோ ஒரு வருடத் தொலைவில் இருந்தது.

ஆகவே நிலவைக் கடிகாரமாக்கினார்கள். விண்மீன்களின் பின்னணியில் நிலவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. தன் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். போகிற வழியில் ஒரு விண்மீனை மறைத்தால், அந்த மறைவு கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடியும். நிலவுக்குக் காற்றுமண்டலம் இல்லாததால் விண்மீன் மங்கி மங்கி மறைவதில்லை. இருந்த இடத்தில் பட்டென்று அணையும். அந்த விநாடியைக் குறித்துக்கொண்டு, பஞ்சாங்கம் தரும் நிலவின் இருப்பிடத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் கிரீனிச் நேரம் கிடைக்கும். 1915இன் துருவ இரவில் வோர்ஸ்லியும் பயணத்தின் இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் இதைச் செய்தார்கள். உறைகுளிரில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து ஒருவர் விண்மீன் அணைவதைப் பார்க்க வேண்டும். அதே நொடியில் கடிகாரத்தைக் குறிக்க வேண்டும். பிறகு பக்கம் பக்கமாக மடக்கை அட்டவணைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவர் மேல் பெரும் மரியாதை எழுகிறது. பனியில் சிக்கிய கப்பலில் உட்கார்ந்துகொண்டு, எங்கும் நகர முடியாது என்று தெரிந்தும், எங்கே இருக்கிறோம் என்பதைச் சரியாக அறிய அவர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

இதிலும் ஒரு பிசகு ஒளிந்திருந்தது. அது அவர்கள் பிசகு இல்லை. நிலவின் பாதையைக் கணிப்பது வானியலின் கடினமான கணக்குகளில் ஒன்று. பூமி, சூரியன் இரண்டும் அதை இழுக்கின்றன. கோள்களும் கொஞ்சம் இழுக்கின்றன. 1915இன் பஞ்சாங்கம் சொன்ன இடத்துக்கும் நிலவு உண்மையில் இருந்த இடத்துக்கும் சிறு விலகல் இருந்தது. நிலவு ஒரு விநாடியில் நகர்வது கோண விநாடியில் பாதிதான். அதனால் பஞ்சாங்கம் பத்துக் கோண விநாடி பிசகினால் நேரத்தில் பதினெட்டு விநாடி பிசகும். வெட்டல் கடலில் அது மூன்று கிலோமீட்டர். நம் காலத்தில் லார்ஸ் பெர்க்மன், ராபின் ஸ்டூவர்ட் முதலானோர், கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் இருக்கும் வோர்ஸ்லியின் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு அளவீட்டையும் இன்றைய துல்லியமான நிலவுக் கணக்கோடு மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கப்பல் கிடைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த ஆய்வுகள் வெளிவந்தன. தேடல் பரப்பை எங்கே வரைவது என்ற பேச்சுக்கு அடித்தளம் இவைதான்.

பிறகு, கடைசி நாட்களின் கோளாறு. குளிர்காலத்தில் சரிபார்த்த கடிகாரம் நவம்பர் வரை ஐந்து மாதம் அதே வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். இடையில் கப்பல் நெரிபட்டு, கடிகாரங்களைப் பனிமேல் இறக்கி, கூடாரத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு ஒரே ஒரு விநாடி வேகம் மாறியிருந்தாலும் ஐந்து மாதத்தில் இரண்டரை நிமிடம், 25 கிலோமீட்டர். போதாததற்கு, கப்பல் மூழ்கிய 21ஆம் தேதி வானம் மூடியிருந்தது. சூரியன் கிடைத்தது மறுநாள்தான். இரண்டுக்கும் நடுவே பனி எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்பதை அவர் ஊகித்தே ஆக வேண்டும். முகாமிலிருந்து கப்பல் ஏறத்தாழ ஒன்றரை மைல் தள்ளி இருந்தது. அந்தத் திசையையும் தூரத்தையும் சேர்க்க வேண்டும். இத்தனையும் கடந்துதான் அந்த இரண்டு எண்கள் பதிவேட்டில் ஏறின. விடை நான்கைந்து மைல் தப்பியது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவருடைய கணக்கின் தரத்துக்கு வேறொரு சான்றும் உண்டு. கப்பல் போன பிறகு மாதக்கணக்கில் பனிமேல் மிதந்து, படகுகளில் எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து 1916 ஏப்ரலில் ஷேக்கல்டன், வோர்ஸ்லி உட்பட ஆறு பேர் ஜேம்ஸ் கெய்ர்ட் என்ற சிறு படகில் 1,300 கிலோமீட்டர் தூரமுள்ள தெற்கு ஜார்ஜியாவுக்குப் புறப்பட்டார்கள். உலகின் மிகக் கொந்தளிப்பான கடல் அது. அந்தப் பதினாறு நாளில் மேகம் விலகி சூரியனை அளக்க வாய்த்தது நான்கே முறை. தீவைத் தவறவிட்டால் அப்பால் ஆயிரக்கணக்கான மைல் வெறும் கடல். தவறவிடவில்லை. எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரையும் ஆகஸ்ட் 30 அன்று லூயிஸ் பார்டோ தலைமையில் சிலி நாட்டின் யெல்ச்சோ கப்பல் மீட்டது. எண்டூரன்ஸில் போன 28 பேரும் உயிர் பிழைத்தார்கள். கண்டத்தின் மறுபக்கத்தில் இதே பயணத்துக்கு உணவுக் கிடங்கு அமைக்கப்போன குழுவில் மூவர் இறந்தார்கள். ஷேக்கல்டனின் கதையைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை.

இடம் ஓரளவு தெரிந்தும் ஏன் நூறாண்டுக்கு மேல் ஆனது? பனிதான் காரணம். கப்பலைக் கொன்ற அதே பனி அந்த இடத்தின் மேல் வருடம் முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பனியுடைப்புக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தாலும் ஓரிடத்தில் நிற்க முடியாது. பனி அதையும் சேர்த்து இழுத்துப் போகும்.

நீருக்கு அடியிலும் வழி சுலபமில்லை. சூரிய ஒளி சில நூறு மீட்டரில் மடிந்துவிடும். ரேடியோ அலைகள் கடல்நீரில் ஊடுருவாது. அதனால் செயற்கைக்கோள் வழிகாட்டி அங்கே செல்லாது. மிஞ்சுவது ஒலி. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். மேலே கப்பலில் இருந்தபடியே ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கலாமே என்று தோன்றும். மூன்று கிலோமீட்டர் இறங்க இரண்டு நொடி, திரும்ப இரண்டு நொடி. அது தாமதம் மட்டும்தான். தடை வேறு. ஒலிக்கற்றை போகப்போக விரிகிறது. ஒரு பாகை மட்டுமே அகலமுள்ள கற்றைகூட 3,000 மீட்டர் ஆழத்தில் 52 மீட்டர் பரவியிருக்கும். எண்டூரன்ஸின் நீளமே 44 மீட்டர். முழுக் கப்பலும் ஒரே ஒரு புள்ளிக்குள் கரைந்துவிடும். எனவே சோனார் கருவியைக் கடல்தரைக்கு அருகே கொண்டுபோய், பக்கவாட்டில் ஒலியைச் சரித்து அனுப்பி, வரிவரியாக உழ வேண்டும். மேடாக நிற்கும் பொருள் ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அதற்குப் பின்னால் ஒலி எட்டாத நிழல் விழும். அந்த நிழலின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம்.

2019இல் ஒரு குழு இப்படித் தேடியது. கம்பித் தொடர்பு இல்லாமல் தானே இயங்கும் கலம் ஒன்றைப் பனிக்கடியில் அனுப்பினார்கள். அது திரும்பவில்லை. மேலே பனி மூடியிருக்கும்போது கோளாறான கலம் மிதந்து மேலே வந்தாலும் எடுக்க முடியாது. என்ன ஆயிற்று என்று அறியவும் வழியில்லை.

2022இல் ஃபாக்லாந்து கடல்சார் மரபு அறக்கட்டளை ஏற்பாடு செய்த குழு அந்தப் பாடத்தோடு வந்தது. தலைவர் ஜான் ஷியர்ஸ். தேடலை வழிநடத்தியவர் கடல் தொல்லியலாளர் மென்சன் பவுண்ட். தென்னாப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் II என்ற பனியுடைப்புக் கப்பல், தலைவர் நாலெட்ஜ் பெங்கு. இம்முறை ஸ்வீடனின் சாப் நிறுவனத்தின் சேபர்டூத் என்ற கலத்தை இறக்கினார்கள். தானாகவும் ஓடும், கூடவே மெல்லிய ஒளியிழை வடத்தால் கப்பலோடு இணைந்தும் இருக்கும். சோனார் படம் உடனுக்குடன் மேலே வந்தது. ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்தி மறுபடி பார்க்கலாம். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகெனர் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ஆர்ன்ட் போன்ற கடற்பனி ஆய்வாளர்கள் உடன் இருந்தார்கள்; செயற்கைக்கோள் படங்களை வைத்து, பனி எந்தப் பக்கம் நகரும் என்று முன்கணித்துச் சொல்லும் வேலையும் நடந்தது. தேடலின் பாதி உழைப்பு கலத்தை இறக்குவதிலும் நகர்கிற பனியினூடே அதைப் பத்திரமாக மேலே எடுப்பதிலும் போயிற்று.

இயற்கையும் வழிவிட்டது. அந்த பிப்ரவரி 25 அன்று அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடற்பனியின் பரப்பு 19.2 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை இல்லாத குறைவு. அடுத்த ஆண்டே அதையும் தாண்டிக் குறைந்தது. கப்பல் கிடைத்த மகிழ்ச்சியோடு இந்த எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 5 அன்று சோனாரில் நிழலோடு ஓர் உருவம் விழுந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் கப்பல். ஷேக்கல்டனைத் தெற்கு ஜார்ஜியாவில் அடக்கம் செய்து அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

கேமரா போனபோது பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். பாய்மரங்கள் சாய்ந்திருந்தன, மேல்தளம் சிதைந்திருந்தது. ஆனால் உடல் முழுசாக நின்றது. கப்பலின் பின்புறத்தில் வளைவாகப் பதித்த எழுத்துகளில் அதன் பெயரைப் பிசிறில்லாமல் வாசிக்க முடிந்தது. பெயருக்குக் கீழே ஐந்து முனை விண்மீன்: போலாரிஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். சுக்கான் சக்கரம் அதன் ஆரங்களோடு அப்படியே நின்றது. அதன்மேல் கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் குடியேறியிருந்தன. பயணத்தின் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி 1915இல் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்து, பலகை பலகையாக ஒப்பிடும் அளவுக்கு இருந்தது மரத்தின் நிலை. பின்னர் ஏறத்தாழ 25,000 படங்களைக் கோத்து முப்பரிமாண உருவம் ஒன்றைச் செய்தார்கள். அதில் சாப்பாட்டுத் தட்டுகளும் ஒற்றைக் காலணி ஒன்றும் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் தெரிகின்றன.

நூறாண்டு கடலடியில் கிடந்த மரம் எப்படி இப்படி இருக்கும்? வெப்பக் கடல்களில் மூழ்கிய மரக்கப்பலுக்கு ஆயுள் குறைவு. கப்பல் புழு என்று நாம் சொல்லும் உயிர் புழுவே அல்ல, சிப்பி இனம். உடல் புழுபோல் நீண்டு, ஓடு சுருங்கி, அந்த ஓட்டையே அரம்போல வைத்து மரத்தைக் குடைந்து தின்னும். ஆழ்கடலில் அதன் உறவான சைலோஃபாகா இதே வேலையைச் செய்யும். மரம் எங்கோ காட்டாற்றில் அடித்துவரப்பட்டு ஆழ்கடலில் விழும்வரை காத்திருந்து தின்கிற உயிர் அது.

அண்டார்க்டிகாவிலோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக மரமே கிடையாது. மரம் இல்லாத கரையிலிருந்து கடலுக்கு எந்த மரமும் வராது. வேறு கரையின் மரத்தைத் தின்ற புழுக்களின் குஞ்சுகள் மிதந்து வரலாம் என்றால், கண்டத்தை முழுதாகச் சுற்றியோடும் துருவ நீரோட்டம் குறுக்கே நிற்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஏட்ரியன் குளோவரும் அவர் குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மரப் பலகைகளையும் திமிங்கில எலும்புகளையும் ஒரே சட்டத்தில் கட்டி அண்டார்க்டிகக் கடல்தரையில் விட்டார்கள். பதினான்கு மாதம் கழித்து எடுத்தபோது எலும்புகள் மேல் எலும்பு தின்னும் ஒசெடாக்ஸ் புழுக்கள் மண்டிக் கிடந்தன. அறிவியல் அதுவரை அறியாத இனங்களும் அவற்றில் இருந்தன. பலகைகளில் ஒரு துளை இல்லை. திமிங்கிலங்கள் நிறைந்த கடலில் எலும்புத்தீனி உண்டு, மரத்தீனி இல்லை. 2013இல் வெளியான அந்த ஆய்விலேயே, எண்டூரன்ஸ் போன்ற மரக்கப்பல்கள் அங்கே கெடாமல் இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். ஒன்பது ஆண்டு கழித்துக் கேமரா அதை உறுதிசெய்தது. ஓர் அறிவியல் கணிப்பு இதைவிடத் தெளிவாகப் பலிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரும்புக் கப்பல்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கின் இரும்பை நுண்ணுயிர்கள் தின்கின்றன; துருக்கொத்துகளில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2010இல் அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார்கள்.

எண்டூரன்ஸை யாரும் தொடவில்லை. அண்டார்க்டிக ஒப்பந்தத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம், பட்டியலில் 93ஆவது. ஓர் ஆணியைக்கூட எடுக்காமல் படம் பிடித்துத் திரும்பினார்கள். சுற்றிலும் 500 மீட்டராக இருந்த காப்பு வட்டம் பின்னர் 1,500 மீட்டராக விரிந்தது. இது சரியான முடிவு. குளிர்ந்த, புழுவற்ற அந்த நீரைப்போல மரத்தைக் காக்கும் காட்சிக்கூடத்தை நிலத்தில் கட்ட முடியாது.

தொடாமலேயே அதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது என்பதற்கு, 2022 பயணத்தில் உடன்போன யூக்கா துக்கூரியின் ஆய்வு ஓர் எடுத்துக்காட்டு. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், பனியின் விசையை ஆராயும் பொறியாளர். எண்டூரன்ஸ் தன் காலத்தின் மிக உறுதியான மரக்கப்பல், சுக்கான் உடைந்ததால்தான் அழிந்தது என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததை அவர் கணக்குப் போட்டுச் சோதித்தார். 2025இல் வெளியான முடிவு வேறு. சுக்கானும் அதைத் தாங்கும் பின்கட்டையும் பெயர்ந்தது உண்மை. ஏரா என்கிற அடிமரமும் பிய்ந்தது. ஆனால் மூல காரணம் பக்கவாட்டு நெரிசல். அந்த நெரிசலைத் தாங்க, உடலின் இரு பக்கங்களையும் சாய்வாக முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள் வேண்டும். எண்டூரன்ஸில் அவை இல்லை. எந்திர அறை நீளமாக இருந்ததால் அந்த இடம் இன்னும் பலவீனம். பனியின் ஓரத்தில் ஓடுவதற்காகக் கட்டிய கப்பல் அது. பனிக்குள் மாட்டி நெரிபடுவதற்காகக் கட்டியது அல்ல.

ஷேக்கல்டனுக்கு இது தெரிந்தே இருந்தது. கிளம்பும்போதே, இதற்குப் பதில் தன் பழைய கப்பலையே எடுத்துக்கொள்வேன் என்று மனைவிக்கு எழுதியிருக்கிறார். அதற்கு முன், துருவம் போகவிருந்த வேறொரு கப்பலுக்கு அந்தக் குறுக்குச் சட்டங்களைப் போடச் சொல்லி யோசனை தந்தவரும் அவர்தான். வில்ஹெல்ம் ஃபில்க்னரின் ஜெர்மன் பயணத்துக்கான டாய்ச்லாண்ட் அது. 1912இல் இதே வெட்டல் கடலில் சுமார் எட்டு மாதம் பனியில் சிக்கிக் கிடந்தது. நவம்பரில் பனி இளகியதும் மிதந்தபடியே வெளியே வந்தது.